ஒரு பலகையில் கூட்ஸ் ஷெட்: முதல் மாதிரி ரயில் தளத்தை அமைக்கும் முறை

மாதிரி ரயில் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, மேசையின் மேல் நீள்வட்டமாகப் பதித்த பாதையில் ஓயாமல் சுற்றிவரும் வண்டிதான். அந்த வண்டிக்குப் போகும் இடமும் இல்லை, செய்யும் வேலையும் இல்லை. ஆகவே அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் ஆர்வமும் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் போன்ற மாபெரும் காட்சிக்கூடங்களைப் பார்த்துவிட்டு, அதே கனவுடன் ஓர் அறை முழுவதையும் நிரப்பத் திட்டமிடுபவர்களும் உண்டு. அத்திட்டங்களில் பல மரச்சட்டத்தோடு நின்றுவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் மாற்றாக, 170 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில், உண்மையான ரயில் நிலையத்தில் நடக்கும் ஒரு வேலையை முழுமையாகச் செய்யக்கூடிய சிறு தளத்தை அமைக்கும் வழியை இங்கே விளக்குகிறேன். சிறியதாகத் தொடங்குங்கள் என்பதைவிட, வேலை செய்யும் தளமாகத் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. ரயில்வேயின் சுவை ஓட்டத்தில் மட்டுமல்லாமல், வண்டிகளைக் கழற்றியும் கோத்தும் வரிசைப்படுத்தும் ஷண்டிங்கிலும் இருக்கிறது.

இதற்கு அடிப்படையாக இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்த ‘இங்கில்நுக் சைடிங்ஸ்’ என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு பாயிண்டுகளும் (ஒரு பாதையிலிருந்து இன்னொன்று பிரியும் இடம்) மூன்று சைடிங்குகளும் (வண்டிகளை நிறுத்திவைக்கும் பக்கப் பாதை) மட்டுமே உண்டு. ஒரு சைடிங்கில் ஐந்து சரக்கு வண்டிகளும் மற்ற இரண்டில் மும்மூன்று வண்டிகளும் நிற்க இடம் உண்டு; ஆட்டத்தில் இருக்கும் வண்டிகளோ எட்டு மட்டுமே. எஞ்சின் முன்னும் பின்னும் செல்வதற்கான ஷண்டிங் நெக்கில் எஞ்சினும் மூன்று வண்டிகளும் மட்டுமே அடங்கும். இந்த நெருக்கடியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. இடம் தாராளமாக இருந்தால் யோசிக்கவே வேண்டியிராது.

அளவு, காலம், இடம்

மாதிரி ரயிலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு விகிதம். 1:87 என்னும் ஹெச்ஓ அளவில் பாதையின் அகலம் 16.5 மி.மீ.; 1:160 என்னும் ‘N’ அளவில் அது 9 மி.மீ. இடம் குறைவு என்பதற்காக ‘N’ அளவைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. எனினும் கையால் கட்டடம் செய்யவும், வண்டிகளைக் கழற்றிச் சீர்செய்யவும் விரும்பும் தொடக்கநிலையாளருக்கு ஹெச்ஓ அளவே ஏற்றது என்பது என் கருத்து. உதிரிப் பாகங்களும் அதில்தான் அதிகம் கிடைக்கின்றன.

இந்திய ரயில்வேயை மாதிரியாகச் செய்ய நினைப்பவர் ஓர் உண்மையை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஹெச்ஓ பாதையின் 16.5 மி.மீ. அகலம் உலகின் பல நாடுகளில் உள்ள 1435 மி.மீ. பாதைக்கானது, நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. கொண்டது. கணக்குப்படி அது 1:87 அளவில் 19.3 மி.மீ. வர வேண்டும். அதற்கேற்பப் பாதையையும் சக்கரங்களையும் கையால் செய்யலாம் என்றாலும், முதல் தளத்தில் அந்தச் சுமையை ஏற்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சிறு நிலையத்தில் இந்த மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணை உறுத்தாது.

அடுத்தது காலம். இன்றைய இந்திய ரயில்வேயில் சரக்கு பெரும்பாலும் முழு ரேக்காகவே போகிறது. ஒரே சரக்கை ஏற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட வேகன்கள் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் முழுதாக நின்றுவிடும். ஒவ்வொரு சிறு நிலையத்திலும் ஓரிரு வண்டிகளைக் கழற்றிவிட்டும் சேர்த்துக்கொண்டும் போகும் கூட்ஸ் வண்டிகள் 1980களில் படிப்படியாக மறைந்தன. ஆகவே நம் பலகைக்கு ஏற்ற காலம் 1970களின் பிற்பகுதி. 1978 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கர மூடுவண்டிகளும், நீராவி எஞ்சினும், டீசல் எஞ்சினும் ஒரே நிலையத்தில் காணப்பட்ட காலம் அது. பிரதான வண்டிகளுக்கு டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின், ஷண்டிங்குக்கு மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டப்பட்ட மூன்று அச்சு டபிள்யூ.டி.எஸ்-4 டீசல், நீராவியில் டபிள்யூ.ஜி. என்று உங்கள் விருப்பத்துக்கு இடம் இருக்கிறது. இந்திய எஞ்சின்களின் ஹெச்ஓ மாதிரிகள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ஐரோப்பிய நிறுவனங்களின் மூன்று அச்சு டீசல் ஷண்டர் ஒன்றை வாங்கி, முகப்பைச் சற்று மாற்றி, வண்ணமும் எண்ணும் இட்டு டபிள்யூ.டி.எஸ்-4 ஆக்கிக்கொள்வது நடைமுறைக்கு உகந்த வழி.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் வரலாறு கைகொடுக்கும். அன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி மீட்டர் பாதையாக இருந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூர் செல்லும் பாதையோ தொடக்கத்திலிருந்தே அகலப்பாதை. ஆகவே ஜோலார்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் இடையே, ஏலகிரி மலை பின்னணியில் தெரியும்படி, கற்பனையாக ஒரு சிறு நிலையத்தை வைத்துக்கொள்ளலாம். அக்காலத்தில் அங்கே மேலே மின்கம்பி இல்லை என்பது நம் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. நிலையத்தின் பெயர் உங்கள் விருப்பம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழிகளிலும் பெயரும், அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

நீளக் கணக்கு

பலகையை அறுப்பதற்கு முன் காகிதத்தில் கணக்கிட வேண்டும். நான்கு சக்கரச் சரக்கு வண்டிகளின் மாதிரிகள், வண்டிகளைக் கோக்கும் கப்ளிங் உட்பட, பெரும்பாலும் 80 முதல் 110 மி.மீ. நீளத்துக்குள் அமையும், உங்கள் கையில் இருப்பவற்றை அளந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். இங்கே ஒரு வண்டிக்கு 100 மி.மீ. என்று கொள்கிறேன். டபிள்யூ.டி.எம்-2 எஞ்சின் சுமார் 17 மீட்டர் நீளம். 1:87 அளவில் அது 197 மி.மீ. ஆகும். பெரிய எஞ்சினும் மூன்று வண்டிகளும் அடங்க, ஷண்டிங் நெக்குக்கு 500 மி.மீ. தேவை. மாதிரிப் பாதைகள் செய்யும் பீக்கோ நிறுவனத்தின் சிறு ஆரப் பாயிண்ட் ஒன்றின் நீளம் 185 மி.மீ.; இரண்டுக்கும் 370 மி.மீ. பாயிண்டிலிருந்து பிரியும் இரு பாதைகளிலும் வண்டிகள் ஒன்றையொன்று உரசாமல் நிற்கத் தொடங்கும் இடத்தை ரயில்வேயில் ஃபவுலிங் மார்க் என்பார்கள்; பாயிண்ட் முடிந்து சுமார் 100 மி.மீ. தள்ளியே அது அமையும். அங்கிருந்து ஐந்து வண்டிகளுக்கு 500 மி.மீ. எல்லாம் சேர்ந்து 1470 மி.மீ. ஆகிறது. மீதமுள்ள 230 மி.மீ. பாதையின் முடிவில் வண்டியைத் தடுத்து நிறுத்தும் டெட் எண்டுக்கும், அதற்கப்பால் ஒரு மண் சாலைக்கும், ஒரு புளியமரத்துக்கும் போதும்.

இதை ஒரே பலகையாகச் செய்தால் மாடிப்படியில் திருப்புவது சிரமம். எனவே 95 செ.மீ., 75 செ.மீ. என இரு துண்டுகளாகப் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். சம நீளமாகப் பிரித்தால் இணைப்புக் கோடு இரண்டாவது பாயிண்டின் நடுவே விழும்; பாயிண்டை அறுக்க முடியாது. மேற்சொன்னபடி பிரித்தால் இரு பாயிண்டுகளும் முழுமையாக முதல் பலகையிலேயே அடங்கிவிடும். ஷண்டிங் நெக் உங்கள் இடப்பக்கம் இருப்பதாகக் கொண்டால், முதல் பாயிண்ட் வலப்பக்கம் பிரிவதாகவும் இரண்டாவது இடப்பக்கம் பிரிவதாகவும் இருக்க வேண்டும். முதல் பாயிண்டிலிருந்து முன்புறம் வரும் மூன்று வண்டிச் சைடிங் மாட்டுவண்டியும் லாரியும் வந்து நிற்கும் திறந்தவெளி இறக்குமிடமாகவும், இரண்டாவதிலிருந்து பின்புறம் செல்வது கூரையின் கீழ் சரக்கை ஏற்றி இறக்கும் கூட்ஸ் ஷெட்டாகவும், நேரே போவது ஐந்து வண்டிச் சைடிங்காகவும் அமையும். கூட்ஸ் ஷெட் முழுவதும் இரண்டாவது பலகையில் வந்துவிடுவதால் கட்டடத்தைப் பிளக்க வேண்டியதில்லை.

மூன்று வண்டிச் சைடிங்குகளை நீளமாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நான்காவது வண்டி அடங்கிவிட்டால் புதிரின் முடிச்சு அவிழ்ந்துபோகும் என்பதால், ஃபவுலிங் மார்க்கிலிருந்து 300 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் விட்டு டெட் எண்டை வைத்துவிடுங்கள்.

பலகை

மேற்பரப்புக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும், அடியில் 75 மி.மீ. ஆழத்துக்கு அதே பிளைவுட்டை நீளவாக்கில் அறுத்துச் சட்டமாக ஒட்டித் திருகாணி இட்டால், ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய, வளையாத பெட்டி கிடைக்கும். நம் ஊர் ஈரப்பதத்தையும் கறையானையும் எண்ணி, மலிவான பிளைவுட்டைத் தவிர்த்து, தண்ணீர் தாங்கும் வகையை வாங்குங்கள், கடைகளில் பி.டபிள்யூ.ஆர். என்றும், அதனினும் மேலானதை மரைன் பிளைவுட் என்றும் சொல்வார்கள். அறுத்த விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் பிரைமர் பூச வேண்டும். அடிப்பக்கத்தை விட்டுவிட்டு மேற்பக்கத்துக்கு மட்டும் பூசினால், ஒரு பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வில்லாக வளையும்.

இரு பலகைகளும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இணைய வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென வார்ப்புப் பித்தளை முளைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கு மாற்றாக, ஆணியைக் கழற்றக்கூடிய இரண்டு கதவுக் கீல்களைச் சட்டத்தின் இரு ஓரங்களிலும், கீலின் ஒரு பாதி இந்தப் பலகையிலும் மறுபாதி அந்தப் பலகையிலும் வரும்படி பொருத்தினால் போதும். ஆணியைச் செருகினால் இணைப்பு, உருவினால் பிரிவு. கீலில் ஆட்டம் இல்லாததாகப் பார்த்து வாங்குவது அவசியம்.

தளத்தின் உயரம் பற்றி ஒரு சொல்: மேசை உயரத்தில் வைத்தால் வண்டிகளின் கூரைதான் தெரியும். தரையிலிருந்து 110 முதல் 120 செ.மீ. உயரத்தில், புத்தக அலமாரியின் மேலோ சுவர்த் தாங்கியின் மேலோ வைத்தால், நடைமேடையில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியும் ரயில் உங்களுக்கும் தெரியும். பிள்ளைகளும் சேர்ந்து ஓட்டுவதாக இருந்தால், அவர்களுக்கு உறுதியான முக்காலி ஒன்றைச் செய்து கொடுங்களே தவிர உயரத்தைக் குறைக்காதீர்கள்.

பாதை பதித்தல்

தளத்தின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. மலையும் மரமும் சுமாராக இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். வண்டி தடம் புரளும் தளத்தை எவரும் விரும்பி ஓட்டுவதில்லை. ஆகவே மற்ற எல்லா வேலைகளுக்கும் செலவிடும் பொறுமையை இங்கே இரட்டிப்பாக வையுங்கள்.

சைடிங்குகளில் உயர்ந்த ஜல்லி மேடு இருக்காது. எனவே கார்க் அடுக்கைத் தவிர்த்து, பிளைவுட்டின் மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் தாளை ஒட்டி அதன் மேல் பாதையைப் பதிக்கலாம். வளையும் பாதை 914 மி.மீ. நீளத் துண்டுகளாகக் கிடைக்கும். மூன்று துண்டுகள் இந்தத் தளத்துக்குப் போதும். முதலில் பாயிண்டுகளை வைத்து, அவற்றிலிருந்து இரு பக்கமும் பாதையைக் கொண்டுசெல்லுங்கள். பாயிண்டில் 12 பாகை கோணத்தில் பிரியும் பாதையை, நடுவே உள்ள ஐந்து வண்டிப் பாதைக்கு இணையாகத் திருப்பும் வளைவு, பாயிண்டின் ஆரத்தைவிடக் கூர்மையாக இருக்கக் கூடாது. அருகருகே உள்ள பாதைகளின் மையங்களுக்கு இடையே 50 மி.மீ. விடுங்கள். பாதையைப் பசையால் முற்றாக ஒட்டிவிடாமல் சிறு ஆணிகளால் பிடித்து வைத்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். அளவுகோலுக்குப் புலப்படாத நெளிவுகூட இந்தப் பார்வையில் தெரிந்துவிடும்.

பலகை இணையும் இடத்தில் தண்டவாளத்தின் நுனிகள் கைபட்டு நகர்ந்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க, மின்னணுச் சுற்றுப் பலகை செய்யப் பயன்படும் செம்புத் தகட்டை, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் அகலத்துக்குக் கீறி, இணைப்பின் இரு பக்கமும் பலகையில் திருகி, தண்டவாளத்தை அதன் மேல் சால்டர் (ஈயப் பற்றவைப்பு) செய்ய வேண்டும். அந்தச் செம்பின் நடுவே அரத்தால் ஒரு கோடு தேய்த்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாமல் செய்துவிடுவதை மறக்கக் கூடாது. தண்டவாளத்தை இரு பலகைகளுக்கும் குறுக்கே ஒரே துண்டாகப் பதித்து, சால்டர் செய்து முடித்த பிறகே மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். அப்போது இரு நுனிகளும் மயிரிழை பிசகாமல் நேருக்கு நேர் நிற்கும்.

மின்சாரம்

ஒரே எஞ்சின் ஓடும் தளத்துக்கு 12 வோல்ட் நேர்மின்சாரமே போதும். மூடி முத்திரையிட்ட 12 வோல்ட் அடாப்டரையே வாங்க வேண்டும். வீட்டு மின்சாரத்தில் கை வைக்கும் வேலை எதுவும் இந்தப் பொழுதுபோக்கில் தேவைப்படாது. அதனுடன், மின்சாரத்தைத் துடிப்புகளாகக் கொடுக்கும் ஒரு பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று, நடுநிலையில் நின்றுவிடும் இருவழிச் சுவிட்ச், ஒரு ஃபியூஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தயார். இவை அனைத்தும் சென்னை ரிச்சி தெருவில் சில கடைகளுக்குள் கிடைத்துவிடும். மிக நுண்ணிய, இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார் கொண்ட எஞ்சின்கள் சிலவகைத் துடிப்பு மின்சாரத்தில் சூடாகும் என்பதால், எஞ்சினோடு வந்த குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

டிசிசி என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டைப் பற்றி நிச்சயம் கேள்விப்படுவீர்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடியொற்றி, 1935இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் அதைப் பொதுத் தரமாக்கியது. பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்க, ஒவ்வொரு எஞ்சினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். ஒலியும் விளக்கும் அதனால் எளிதாகின்றன. ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு குறைந்த செலவில் டிசிசி நிலையம் அமைக்க, டிசிசி-இஎக்ஸ் என்னும் இலவச மென்பொருளும் இருக்கிறது. இருப்பினும் முதல் தளத்தில் அதற்கு அவசரம் இல்லை. வயரிங்கை ஒழுங்காகச் செய்துவைத்தால், பின்னாளில் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றி, எஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரைப் பொருத்தினால் போதும்.

ஒழுங்கான வயரிங் என்பதன் பொருள் இதுதான்: தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடுகளை மின்சாரத்துக்காக ஒருபோதும் நம்பக் கூடாது. ஈரப்பதத்தில் அவை மெல்ல மெல்ல மின்சாரத்தைக் கடத்தாமல் போகும். பலகையின் அடியில் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிகள் இரண்டை, இரு நிறங்களில், நீளவாக்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பியை இறக்கி அவற்றோடு சால்டர் செய்யுங்கள். பாயிண்டைப் பொறுத்தவரை, இரு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் பகுதி பிளாஸ்டிக்காக உள்ளதைத் தவிர்த்து, மின்சாரம் பாயும் உலோகக் கிராசிங் உள்ளதை வாங்குங்கள். மூன்று அச்சு எஞ்சின் மிக மெதுவாகப் போகும்போது, மின்சாரம் இல்லாத பத்து மில்லிமீட்டரில்கூட நின்றுவிடும். ஷண்டிங் தளத்தில் எஞ்சின் எப்போதும் மெதுவாகத்தான் போகும். இவ்வகைப் பாயிண்டில், கிராசிங்கைத் தாண்டிய இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சுற்று குறுக்கே பாயும். பாயிண்டை நகர்த்தும் கோலோடு ஒரு சிறிய சறுக்குச் சுவிட்சை இணைத்து, கிராசிங்குக்கான மின்சாரத்தை அதன் வழியே கொடுத்தால், பாயிண்ட் திரும்பும்போதே மின்துருவமும் மாறிவிடும்.

சக்கரம், எடை, கப்ளிங்

ஜல்லி இடுவதற்கு முன்பு எட்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் சக்கரங்கள் அழுக்கைப் பூசிக்கொண்டே போகும் என்பதால் அவற்றை உலோகச் சக்கரங்களாக மாற்றுங்கள். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட உள் அளவு சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும், தடம் புரளும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை இந்த ஓர் அளவில்தான் இருக்கும். எடை குறைந்த வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது அது பாயிண்டில் ஏறி விழும். அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரைப்படி, ஹெச்ஓ வண்டிக்கு அடிப்படையாக 28 கிராமும், ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராமும் எடை வேண்டும். நம் 100 மி.மீ. வண்டிக்கு அது சுமார் 84 கிராம். வண்டிக்குள் இரும்பு வாஷர்களை ஒட்டி எடையைக் கூட்டலாம். எல்லா வண்டிகளிலும் ஒரே வகைக் கப்ளிங், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். காந்தத்தின் மேல் நிறுத்தினால் தானே கழலும் கேடி வகைக் கப்ளிங் ஷண்டிங்குக்கு மிகவும் பொருத்தமானது. பிறகு எட்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி மூன்று மூன்றாகக் கோத்து, எஞ்சினால் மெதுவாகப் பின்தள்ளி, இரு பாயிண்டுகளிலும் எல்லாத் திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு முறைகூடத் தடம் புரளாத நிலை வந்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

நிலமும் கட்டடமும்

புதிய ஜல்லி குவித்த பிரதான பாதையைப் போல் சைடிங்கை அலங்கரிப்பது பொதுவாகக் காணப்படும் பிழை. 1978இன் கூட்ஸ் சைடிங்கில் ஜல்லி பாதி மண்ணுக்குள் புதைந்து, எண்ணெயும் நிலக்கரித் தூளும் படிந்து, கட்டைகளுக்கிடையே புல் முளைத்திருக்கும். முதலில் தண்டவாளத்தின் பக்கவாட்டுகளுக்குத் துருவின் பழுப்பு நிறத்தைப் பூசி, மேற்புறத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். உண்மை ஜல்லியின் அளவு 2 செ.மீ. முதல் 6.5 செ.மீ. வரை; 1:87 அளவில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கட்டட வேலைக்கு வாங்கும் எம்-சாண்டைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, தூசியையும் பெரிய துகளையும் நீக்கினால், கருங்கல்லின் இயல்பான நிறத்தோடு அருமையான ஜல்லி கிடைக்கும். செம்மண்ணையும் இப்படியே சலித்து, அடுப்பில் வறுத்து ஈரத்தையும் பூச்சிகளையும் போக்கி, ஒரு காந்தத்தை அதனுள் பலமுறை துழாவி இரும்புத் துகள்களை எடுத்துவிட வேண்டும். அந்தத் துகள்கள் எஞ்சினின் மோட்டார்க் காந்தத்தில் ஒட்டினால் எஞ்சின் பாழாகும்.

ஜல்லியைத் தூரிகையால் பரப்பி, தண்டவாளத்தின் உட்புறத்திலும் பாயிண்டின் நாக்கு நகரும் இடத்திலும் ஒரு மணிகூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, முதலில் சோப்புத் துளி கலந்த நீரைத் தெளிக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு நீர் கலந்து, சொட்டுக்குழாயால் துளித்துளியாக விட வேண்டும். நீர் தெளிக்காமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு ஜல்லியைக் குழியாக்கிவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

தேங்காய் நாரை மிகச் சிறிதாக நறுக்கினால் காய்ந்த புல்லாகும். பயன்படுத்தி உலர்த்திய தேயிலைத் தூள் மரத்தடியின் சருகாகும். முறுக்கிய மெல்லிய கம்பிகளைக் கிளைகளாகப் பிரித்து நுண்ணிய நார் சுற்றினால் சீமைக் கருவேலம் கிடைத்துவிடும். பனைமரம் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 15 மீட்டர் பனை 17 செ.மீ. உயரம் வரும். கம்பியின் மேல் காகித நாடாவைச் சுற்றி, மாவு போன்ற பட்டி பூசி, காய்ந்ததும் குறுக்கே கீறல்கள் இட்டுக் கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம் கொடுங்கள். விசிறியாக மடித்து நுனிகளைக் கத்தரித்த காகிதங்களை, முப்பது முப்பத்தைந்து எண்ணிக்கையில், பச்சை மட்டைகளாக மேல்நோக்கியும் காய்ந்த மட்டைகளாகக் கீழ்நோக்கித் தொங்கும்படியும் ஒட்டுங்கள். இரண்டு பனைகள் போதும். கடையில் வாங்கிய ஊசியிலை மரங்கள் இருபதை நட்டாலும் வராத நிலக்காட்சி அவற்றால் வந்துவிடும்.

கட்டடம் கட்டுவதற்கு ஒரு கணக்கு உதவும்: உண்மையில் ஒரு மீட்டர் என்பது மாதிரியில் 11.5 மி.மீ. கதவு 24 மி.மீ. உயரம், மனிதர் 19 மி.மீ. உயரம், கூட்ஸ் ஷெட்டின் மேடை தண்டவாளத்திலிருந்து 12 மி.மீ. உயரம். மேடையின் விளிம்பு பாதை மையத்திலிருந்து 19 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக அகலமான வண்டியை ஓட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவர்களைக் கெட்டி அட்டையில் செய்து, மங்களூர் ஓட்டுக் கூரைக்குக் காகிதப் பட்டைகளை வரிவரியாக ஒட்டலாம். பழைய கூட்ஸ் ஷெட்டுகள் இன்னும் நிற்கும் நிலையங்களில் அவற்றை நேரில் பார்ப்பதும், சென்னைப் பெரம்பூரில் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளைச் சுற்றிவந்து பார்ப்பதும் எந்தப் படத்தைவிடவும் பயனுள்ளவை.

பின்னணிக்கு, பலகையின் பின்விளிம்பில் 30 செ.மீ. உயர மெல்லிய தகட்டை நிறுத்தி, கீழே வெளிறிய நீலத்தையும் மேலே சற்று அடர்ந்த நீலத்தையும் பூசுங்கள். ஏலகிரியைச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரே மங்கலான வடிவமாகக் காட்டினால் போதும்; மலையில் விவரங்களை வரைந்தால் அது அருகில் வந்து நின்றுகொள்ளும்.

ஓட்டுவது எப்படி

எட்டு வண்டிகளுக்கும் எட்டு அட்டைகள் எழுதுங்கள். அவற்றைக் கலைத்து ஐந்தை வரிசையாக எடுத்து, அதே வரிசையில் ஐந்து வண்டிகளையும் நீளச் சைடிங்கில் கோக்க வேண்டும் என்பதே மூல ஆட்டம். இப்படி எடுக்கும்போது 6,720 விதமான வரிசைகள் வரக்கூடும். நம் தளத்துக்கு இதை உண்மையான வேலையாக மாற்றலாம். எட்டு வண்டிகளுக்கும் மேற்கே போகும் பாதையின் எட்டு நிலையங்களைக் குறியுங்கள்: திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி, சேலம், சங்ககிரி, ஈரோடு, திருப்பூர். எந்த ஐந்து அட்டைகள் வந்தாலும், முதலில் வரும் நிலையத்துக்கான வண்டி எஞ்சினை ஒட்டியும், கடைசி நிலையத்துக்கானது டெட் எண்டை ஒட்டியும் நிற்க வேண்டும். அப்போதுதான் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் எஞ்சின் தன்னை ஒட்டிய வண்டியை மட்டும் இழுத்துச் சென்று, சைடிங்கில் தள்ளிவிட்டுத் திரும்ப முடியும். யோசிக்கும்போது டெட் எண்ட் பக்கத்து வண்டியிலிருந்து தொடங்குங்கள். அது முதலில் உள்ளே போனால்தான் மற்றவை வரிசைப்படும். ஷண்டிங் நெக்கில் மூன்று வண்டிகளுக்கு மேல் எடுப்பதில்லை என்ற விதியை எக்காரணத்துக்காகவும் தளர்த்த வேண்டாம்.

வேகத்தில்தான் பொம்மைக்கும் ரயிலுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. ஷண்டிங் எஞ்சின் மணிக்கு 15 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. 1:87 அளவில் அது நொடிக்கு 48 மி.மீ.; அதாவது தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எஞ்சின் 35 நொடி எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்கடிகாரத்தை வைத்து இந்த வேகத்துக்குக் கையைப் பழக்குங்கள். வண்டியோடு முட்டும் முன் எஞ்சினை முழுதாக நிறுத்தி, கப்ளிங்கைக் கோக்க ஷண்ட்மேன் இறங்கி நடக்கும் நேரத்தைக் கொடுத்து, பிறகு நகர்த்துங்கள். இருவர் சேர்ந்து ஓட்டும்போது ஒருவர் அட்டையைப் பார்த்துப் பாயிண்டைத் திருப்பிப் பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்டவும், மற்றவர் கொடியை மட்டுமே பார்த்து எஞ்சினை ஓட்டவும் வேண்டும். வாய்பேசாமல் ஒரு ரேக்கைக் கோத்து முடிக்கும்போது கிடைக்கும் நிறைவை, மணிக்கணக்கில் வட்டமாக ஓடும் வண்டி தருவதில்லை.

பராமரிப்பும் விரிவாக்கமும்

ஓட்டாத நாட்களில் பலகையைப் பருத்தித் துணியால் மூடிவையுங்கள். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதே சரியான முறை; உப்புத்தாளால் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழுந்து, அழுக்கு அவற்றில் முன்னைவிட வேகமாகச் சேரும். எஞ்சின் திணறினால் தண்டவாளத்தோடு அதன் சக்கரங்களையும் துடைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பாயிண்டின் நாக்குகள் இறுகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்க வேண்டும்.

தளத்தை நீட்டிக்கும் எண்ணம் வந்தால் பழையதைக் கலைக்க வேண்டியதில்லை. ஷண்டிங் நெக்கின் இடமுனையில் இன்னொரு பலகையைக் கீலால் இணைத்து, அதன் மேல் ஒரு பாயிண்டும், எஞ்சினும் ஐந்து வண்டிகளும் நிற்கும் அளவுக்கு ஒரு பிரதான பாதையும் போட்டால், கோத்த ரேக் உண்மையாகவே திருப்பத்தூரை நோக்கிப் புறப்பட்டுப் போகும். இதற்காகவே, முதல் பலகையின் இடமுனையில் தண்டவாளத்தை விளிம்புவரை கொண்டுவந்து செம்புத் தகட்டில் சால்டர் செய்துவையுங்கள். அதன் குறுக்கே கழற்றக்கூடிய ஒரு மரக்கட்டையை டெட் எண்டாகத் திருகிவைத்தால், எஞ்சின் கீழே விழும் அபாயமும் இராது.